தமாஷ் என்று எதைச் சொல்வது?

கழக்கூட்டத்தில் ஒருபுறம் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க். சற்றுத் தள்ளி, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம். அதற்குள் ஒரு தமிழ்த் துறை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து வந்து இங்கே பணிபுரியும் தமிழர் பலருக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. மதிய உணவு வேளையில் யாரோ ஒருவர் 'பாண்டி' என்று விளிப்பார். மேசை முழுவதும் சிரிக்கும். விளிக்கப்பட்டவரின் முகம் சற்றே மாறினால் உடனே ஒரு சமாதானம் வரும்: "வெறும் தமாஷயல்லே!"

இந்தச் சமாதானத்தைத்தான் மறுக்க வேண்டும். சொன்னவர் தீயவர் என்பதற்காக அன்று. பெரும்பாலும் அவர் தீயவர் அல்லர். தமாஷ் எது என்பதை முடிவுசெய்யும் உரிமை சொன்னவருக்கு மட்டுமே உண்டு என்று அந்தச் சமாதானம் அடித்துப் பேசுகிறது. அதுதான் பிழை.

முதலில் சொல்லைக் குற்றவாளியாக்குவதை விட்டுவிடலாம். பாண்டி என்றால் பாண்டிய நாடு. கேரளத்தின் செண்டை மேளங்களுள் பெருமைமிக்க ஒன்றின் பெயர் பாண்டி மேளம். திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தறை மேளமாகப் பல்லாயிரவர் கைவீசிக் கேட்பது அதைத்தான். அங்கே மதிப்புக்குரிய சொல் உணவு மேசையில் இழிசொல்லாகிறது. ஆகவே நகைச்சுவையா, அவமதிப்பா என்பது அகராதியில் தீர்வதில்லை. யார், யாரிடம், எங்கே, எந்த நிலையிலிருந்து சொல்கிறார் என்பதில்தான் தீர்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கும்போது எள்ளலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. எனவே கேலியே கூடாது என்று வாதிடுவோருக்குத் தமிழ் மரபில் இடமில்லை. ஆனால் எள்ளலுக்கு உரைமரபு தரும் விளக்கம் கவனிக்கத் தக்கது. ஒருவன் பிறரை எள்ளிச் சிரிப்பதும் எள்ளல். பிறரால் எள்ளப்பட்டபோது தானே சிரிப்பதும் எள்ளல். அதாவது எள்ளப்பட்டவனும் அந்த நகையின் பங்காளி. தமாஷ் என்ற சொல்லும் இதற்கு முரணானதன்று. பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்த அச்சொல்லின் அரபு மூலம், சேர்ந்து உலாவுதல் என்னும் பொருளை உடையது.

கேரளத்தின் நகைச்சுவை வரலாறும் இதையே சொல்கிறது. சாக்கியார் கூத்தில் சாக்கியார் அவையிலுள்ள எவரையும், அரசனையேகூட, கேலி செய்யலாம். அது மரபு தந்த உரிமை. ஆனால் அந்த உரிமை கூத்தின் வேடத்தோடும் மேடையோடும் கட்டுண்டது. 18ஆம் நூற்றாண்டில் மிழாவு வாசித்துக்கொண்டிருந்த குஞ்சன் நம்பியார் கண்ணயர்ந்துவிட, சாக்கியார் அவரை அவையறியக் கேலி செய்தார் என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. நம்பியார் அடுத்த நாளே துள்ளல் என்ற புதிய கலையோடு வந்து கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டாராம். கதை எவ்வளவு உண்மையோ, அதில் பொதிந்துள்ள இலக்கணம் உண்மை: எள்ளப்பட்டவனுக்கு மறுமொழி சொல்லும் முறை வந்தது. நகைச்சுவைக்குத் தர வேண்டிய வரையறை இதுவே. எள்ளப்பட்டவர் திரும்பப் பேசுவதற்கு இடம் விட்டுவைக்கும் கேலி நகைச்சுவை. அந்த இடத்தை அடைத்துவிடும் கேலி வெறும் அதிகாரம்.

2020இல் இந்த வரையறைக்கு ஒரு சோதனை வந்தது. 'வரனெ ஆவஸ்யமுண்டு' என்ற மலையாளப் படத்தில் நாய் ஒன்று பிரபாகரன் என்ற பெயரால் அழைக்கப்படும் காட்சி, விடுதலைப் புலிகளின் தலைவரை இழிவுபடுத்துவதாகத் தமிழர் பலர் கொதித்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் படத்தின் நடிகரும் தயாரிப்பாளருமான துல்கர் சல்மான் விளக்கமளித்தார்: அது 1988இல் வெளிவந்த 'பட்டணப்பிரவேசம்' என்ற மலையாளப் படத்தின் நகைச்சுவையைச் சுட்டுவது, கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, பிரபாகரன் அங்கே பரவலான பெயர். அந்தப் பழைய படத்தை இயக்கியவர் சத்யன் அந்திக்காடு. புதிய படத்தை இயக்கியவர் அவருடைய மகன் அனூப் சத்யன். ஆகவே மலையாளிக்கு அது நகைச்சுவை என்பதில் ஐயமில்லை. முப்பதாண்டுக்கு முந்தைய அந்தப் படத்தை அறியாத, ஈழத்தில் உறவுகளை இழந்த தமிழருக்கு அது நகைச்சுவை அன்று என்பதிலும் ஐயமில்லை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. துல்கர் விளக்கத்தோடு நிறுத்தவில்லை. புண்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். "இதுகூடப் புரியவில்லையா" என்று வாயடைக்காமல் மறுமொழிக்குச் செவிகொடுத்த இடத்தில் அவர் சரியாக நடந்துகொண்டார். அவரையும் அவர் குடும்பத்தையும் வசைபாடியவர்கள்தான் அந்த இடத்தில் தவறினர்.

'எள்ளப்படுவோரின் மனத்தை எல்லாம் பார்த்தால் அங்கதமே அழிந்துபோகும்' என்பது வழக்கமான எதிர்வாதம். வரையறை கேட்பது எள்ளப்படுவோரின் அனுமதியை அன்று. அவர்களுக்கு ஒரு மறுமொழியை மட்டுமே. ஆள்வோரிடம் அதற்குக் குறைவே இல்லை: மேடை, அவை, பத்திரிகை எல்லாம் அவர்களுடையவை. 1987இல் ஆனந்த விகடன் அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் திருடர்களோடு ஒப்பிட்டு அட்டையில் ஒரு ஜோக் வெளியிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாள்களிலேயே அவரை விடுவிக்க நேர்ந்தது. சிறைக் கதவால் வாயை அடைப்பதும் 'தமாஷயல்லே' என்று வாயை அடைப்பதும் அளவில் வேறு, வகையில் ஒன்றே. முன்னதில் எள்ளியவனின் வாய் அடைபடுகிறது, பின்னதில் எள்ளப்பட்டவனின் வாய்.

இதைச் சொல்லும் தமிழர் தம் பக்கத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும். நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங் அங்கே நாயர் டீக்கடையைக் கண்டார் என்ற கேலியை மலையாளிகளே பெருமிதத்தோடு சொல்லிச் சிரிக்கிறார்கள், அது நகைச்சுவை. ஆனால் 'மலையாளப் படம்' என்ற தொடரை ஆபாசத்துக்கு மறுபெயராக்கி, சென்னைக்குப் படிக்கவும் பணிபுரியவும் வந்த கேரளப் பெண்களின் காதில் விழும்படி பல்லாண்டு இளித்தது தமிழ்ச் சமூகம். அந்தப் பெண்கள் எந்த மறுமொழியைச் சொல்லியிருக்க முடியும்? முகம் சுளித்தால் இன்னொரு சிரிப்பு. கழக்கூட்டத்து மேசையில் தமிழ் இளைஞர் அமர்ந்திருக்கும் அதே நாற்காலியில்தான் அவர்களும் அமர்ந்திருந்தார்கள்.

அந்த இளைஞர் சிரிக்கத் தெரியாதவர் அல்லர். பதவி உயர்வும் வாடகை வீடும் சுற்றியிருப்போரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்கும் ஊரில், சிரித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தச் சிரிப்பைச் சம்மதமாகக் கணக்கெழுதுவதே இந்தத் தமாஷின் மோசடி. அடுத்த முறை அந்த மேசையில் சிரிப்பு அடங்கியதும், விளிக்கப்பட்டவர் தம் பங்குக்கு ஒரு கேலி சொல்லட்டும். மேசை அதற்கும் அதே அளவில் சிரித்தால் அங்கே நடந்தது தமாஷ். மேசை மௌனமானால், முதலில் சொன்னதற்கு வேறு பெயர் தேட வேண்டும்.