இல்பொருள் விமானம்

அணியிலக்கணம் பயின்றோர் இல்பொருளுவமையை அறிவர். உலகில் இல்லாத ஒன்றைப் புலவன் தன் கற்பனையாற் படைத்து, உள்ளதொன்றற்கு அதனை உவமையாக்குவது அவ்வணி. பொன்மலையொன்று சிறகு முளைத்துப் பறந்தாற்போல ஒருவன் தேரேறி வந்தான் என்று கவிஞன் பாடினால், பொன்மலை எங்கேயுளது, மலைக்குச் சிறகு ஏது என்று எவரும் அவனோடு வழக்காடுவதில்லை. பொன் உண்டு, மலை உண்டு, சிறகும் உண்டு. மூன்றும் ஒருங்கு கூடிய கூட்டமே உலகில் இல்லை. அக்கூட்டத்தைப் பாட்டிலே கண்டு மகிழும் நாம், அதே செயலை ஒரு சிறுவன் மரத்தாலும் கடதாசியாலும் செய்து முன்னே வைத்தால் மட்டும் "இது பொய்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கியவருள் நானும் ஒருவன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குற்றவுணர்வே.

சில ஆண்டுகளுக்கு முன், தீவகத்துப் பாடசாலையொன்றிலே நடைபெற்ற கைப்பணிக் கண்காட்சிக்கு நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். கடற்கோட்டை, கலங்கரை விளக்கம், பாய்மரத் தோணி, ஊர்க் கோயில், தேவாலயம் என உள்ளவற்றை உள்ளவாறே செய்த மாதிரியுருக்கள் வரிசையாக இருந்தன. அவற்றினிடையே, சுருவிலிலிருந்து வந்த பதினான்கு வயது மாணவனொருவன் ஒரு சாண் நீளமான ஜெற் விமானமொன்றை வைத்திருந்தான். முள்முருக்கங்கட்டையைச் சீவி, அரத்தாளால் தேய்த்து உடலமைத்திருந்தான். பழைய பேனைக் குழாய்கள் இரண்டு பின்புறத்திலே புகைபோக்கிகளாக நின்றன. வாலின் கீழே வளைந்த கம்பிக் கொளுக்கியொன்று தொங்கியது. விமானத்தின் முன்னே ஒரு பலகையில், தங்கூசி நூல்கள் குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. "விக்ராந்த் கப்பலில் மாருத் விமானம்" என்று ஒரு சிறு சீட்டில் எழுதியிருந்தான்.

எம்முள் விடயமறிந்த நடுவர் ஒருவர் சீட்டைப் படித்ததும் நகைத்தார். "தம்பி, மாருத் தரையிலே பறந்த விமானம். கப்பலிலே ஒருநாளும் ஏறவில்லையே" என்றார்.

"ஓம் சேர், ஏறேல்லை. ஏறியிருந்தால் இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றான் மாணவன்.

அவ்வளவுதான். இல்லாத பொருளுக்கு மாதிரி எப்படி அமையும் என்று கூறி, அவன் பெயருக்கு நேரே கோடிட்டோம். கோடிட்ட கைகளுள் ஒன்று என்னுடையது.

வீடு திரும்பிய பின்னரே அந்தச் சிறுவன் என்ன செய்தான் என்பதை ஆராயத் தொடங்கினேன். மாருத் என்பது இந்தியாவின் இந்துஸ்தான் விமான நிறுவனத்தார் பெங்களூரிலே உருவாக்கிய போர்விமானம். அதனை வரைந்தவர் ஜேர்மன் விமானப் பொறியியலறிஞரான கூர்ட் ராங்க். அது முதன்முதல் வானேறியது 1961 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்ததும் அதே ஆண்டு மார்ச் 4 ஆம் நாளிலேதான். ஒரே ஆண்டிலே ஒரே தேசத்திற்கு ஒரு கப்பலும் ஒரு விமானமும் வாய்த்தன. ஆயினும் இரண்டும் ஒன்று சேரவில்லை. விக்ராந்தின் தளத்திலிருந்து பறந்தவை பிரித்தானியர் செய்த சீ ஹோக் விமானங்களும், பிரான்சியர் செய்த அலிசே விமானங்களுமாம். இரண்டும் ஏன் சேரவில்லை என்னும் வினாவையே அந்த முருக்கங்கட்டை எம்மிடம் கேட்டது. வினாவைக் கேட்க மறந்து, விடையில்லை என்று நாம் கோடிட்டோம்.

விடை கற்கத்தக்கது. கப்பலில் ஏறும் விமானத்திற்குச் சில உறுப்புக்கள் இன்றியமையாதன. தளத்திற் குறுக்கே கட்டிய வடங்களுள் ஒன்றைப் பற்றிக்கொள்ள வாலிலே கொளுக்கி வேண்டும். நீராவி விசையால் இழுத்தெறியப்படுவதற்கு ஏற்ற பிடிப்புக்கள் வயிற்றின் கீழே வேண்டும். தரையிறங்குவது போல மெல்ல அமராமல் தளத்தில் மோதியே இறங்குவதால், சில்லுக் கால்கள் உறுதியாயிருத்தல் வேண்டும். உப்புக் காற்று உலோகத்தை அரியாதிருக்கக் காப்பு வேண்டும். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதைச் சுருவில் மாணவனுக்கு எவரும் நூல்கொண்டு கற்பிக்க வேண்டியதில்லை. கப்பலின் வயிற்றுள்ளே ஒதுக்கி வைப்பதற்கு இறக்கைகள் மடங்கவும் வேண்டும். சீ ஹோக்கின் இறக்கை அகலம் ஏறத்தாழ 12 மீற்றர். ஆதலால் அது மடங்கியது. மாருத்தின் இறக்கையோ 9 மீற்றர். அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைஹோக் விமானம் 8.4 மீற்றர் அகலமே உடையதாதலின், அதனை வரைந்தோர் மடிப்பை விடுத்து எடையைக் குறைத்தனர். அம்மாணவன் தன் மாருத்தின் இறக்கையை மடிக்கவில்லை. அது அவன் மறதியென்று அன்று எண்ணினேன். இன்று அதனைக் கணக்கறிந்த துணிவென்று கருதுகிறேன்.

இனி, பெருந்தடைக்கு வருவோம். மாருத்துக்கென எண்ணியிருந்த வலிமை மிக்க ஓர்பியசு இயந்திரத்தின் வளர்ச்சிப் பணி கைவிடப்பட்டது. ஆகவே வலிமை குறைந்த இயந்திரங்கள் இரண்டைக் கொண்டே அது பறக்க நேர்ந்தது. ஒலியின் வேகத்தைப் போல இருமடங்கு விரையவேண்டுமென எண்ணி வரையப்பட்ட விமானம், ஒலியின் வேகத்தை எட்டுவதற்கே இடர்ப்பட்டது. அதன் வடிவம் அழகியது. 1971 ஆம் ஆண்டுப் போரிலே இராஜஸ்தான் பாலைவனத்தில் நன்கு பணியாற்றியது. ஆயினும் ஊக்கம் குறைந்த அவ்வியந்திரங்களோடு சிறியதொரு கப்பல் தளத்திலிருந்து சுமையேற்றி எழுதல் அரிது. எனவே மாருத்தைக் கப்பலேற்ற விழைபவன், வராது போன ஓர் இயந்திரம் வந்திருந்தால் என்னும் ஒன்றை மட்டும் முதலிற் கற்பிக்க வேண்டும். ஏனைய மாற்றங்கள் யாவும் அதிலிருந்து ஒழுங்காகப் பிறக்கும்.

கற்பனை மாதிரியுருவின் இலக்கணம் இதுவே என்பது என் துணிபு. மாற்றம் ஒன்று, விளைவு பல, ஒவ்வோர் உறுப்பும் உள்ளபொருள், கூட்டம் மட்டுமே இல்பொருள். இல்பொருளுவமைக்கு நம் ஆன்றோர் வகுத்த நெறியும் இதற்கு அப்பாற்பட்டதன்று. உறுப்புக்களும் பொய்யானால் உவமை விளங்காது. விமானமும் வெறும் விளையாட்டுப் பொம்மையாகிவிடும்.

மாதிரியுருவாக்கம் சிறுபிள்ளை வேலை என்று கூறுவோர்க்கு இரண்டு செய்திகளை நினைவூட்டலாம். மாருத்தை உருவாக்கியோர், இயந்திரம் பூட்டிய விமானத்தைப் பறக்கவிடுமுன், அதே அளவில் மரத்தாலான சறுக்கு விமானமொன்றைச் செய்து 1959 ஆம் ஆண்டிலே வானில் இழுத்துச் சென்று சோதித்தனர். இன்னும் பறவாத விமானத்திற்குச் செய்த அந்த மரவுருவும் அன்று ஓர் இல்பொருளே. 1942 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் வீரர் பிரித்தறியப் பழகுதற்பொருட்டு, 500,000 மாதிரியுருக்களைத் தன் நாட்டுப் பாடசாலை மாணவரிடமே கேட்டது. அவை 72 இல் ஒரு பங்கு அளவின. முப்பத்தாறு அடி தூரத்தில் நிற்கும் அத்தகைய சிற்றுரு, அரை மைலுக்கு அப்பாற் பறக்கும் உண்மை விமானம் போலத் தோன்றும்.

அந்த 1942 ஆம் ஆண்டு நமக்கும் மறக்கவொண்ணாதது. ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பின் மீதும், 9 ஆம் நாள் திருகோணமலை மீதும் யப்பானியக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் குண்டு வீசின. அந்த 9 ஆம் நாளிலேயே, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதே பெயரோடு பின்னர் எழுந்த மற்றொரு ஹெர்மிஸ், விராட் என்னும் பெயர் பெற்று, 1987 முதல் 2017 வரை இந்தியக் கடற்படையிற் பணியாற்றியது. கடல்சார் விமானம் நம் நீர்ப்பரப்புக்குப் புதியதன்று. நம் வகுப்பறைக்கே அது புதியது.

இவ்விடத்திற் கனமானதொரு தடையை எதிர்நோக்க வேண்டியுளது. "நம் மண்ணிலே போர்விமானத்தைப் பிள்ளைகள் கையிற் கொடுப்பதா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? வானிலே இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் பதுங்குகுழி தேடியோடிய தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 1990 ஆம் ஆண்டை ஒட்டித் தீவகத்து ஊர்கள் பல வெறுமையாயின. திரும்பி வந்தோர் சிலர், வாராதோர் பலர். அந்தத் தாயின் வினாவை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. குண்டுகளை அழகாக அடுக்கி வைத்து மகிழும் மாதிரியுருவை நானும் விரும்பேன். ஆயினும் ஒன்று சொல்வேன். விமானத்தை இரைச்சலாக மட்டும் அறிந்த பிள்ளைக்கு அது ஊழ் போலத் தோன்றும். அதன் எடையையும் இறக்கையையும் இயந்திரத்தையும் அளந்தறிந்த பிள்ளைக்கோ, அது மனிதர் கூடி முடிவுசெய்து ஆக்கிய பொருளென்று விளங்கும். மனிதர் முடிவாயின், வேறு முடிவும் இயலும் என்பது அடுத்த படி.

அந்த அடுத்த படியிலேதான் நம்மவர்க்குப் பயிற்சி வேண்டும். "அன்றைக்கே இப்படிச் செய்திருந்தால்" என்னும் பேச்சு நம் தேநீர்க் கடைகளிலும் திண்ணைகளிலும் குறைவின்றிக் கேட்கிறது. அப்பேச்சில் தடையென்பதே இராது. பணமும் காலமும் எதிரியின் அறிவும் கணக்கில் வாரா. கணக்கில்லாத "இருந்தால்" பெருமூச்சிலே முடிகிறது. மாதிரியுரு செய்பவனின் "இருந்தால்" அப்படிப்பட்டதன்று. கட்டை அவனை மறுக்கும். அளவுகோல் அவனை மறுக்கும். கப்பலின் நீளம் அவனை மறுக்கும். 213 மீற்றர் நீளமுடைய விக்ராந்தை அவன் அளவிலே செய்தால் ஏறத்தாழ மூன்று மீற்றர் ஆகும்; சிறு வீட்டு விறாந்தையிலே அது அடங்காது. அதனாலேயே தளத்தின் ஒரு துண்டை மட்டும் செய்தான் போலும். இத்தனை மறுப்புக்களையும் ஏற்றுக்கொண்டு பின்னும் நிற்கும் "இருந்தால்" எதுவோ, அதுவே சிந்தனை.

இல்பொருள் சில வேளை உள்பொருளாவதும் உண்டு. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடையுமென்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனைபேர் நம்பியிருப்பர்? 1938 ஆம் ஆண்டிலே அது அடைந்தது. இந்தியாவிலே ஆக்கப்பட்ட ஜெற் விமானமொன்று கப்பல் தளத்து வடத்தைப் பற்றி நிற்பதும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இல்பொருளாகவே இருந்தது. 2020 ஆம் ஆண்டு ஜனவரியிலே தேஜஸ் விமானத்தின் கடற்படை வடிவம் விக்ரமாதித்தியாக் கப்பலிற் சோதனையாக இறங்கிய நாளிலே அது உள்பொருளாயிற்று. மறுபுறத்தே, உள்பொருளாயிருந்த பழைய விக்ராந்த் 1997 இலே பணி நீங்கி, 2014 இலே உடைக்கப்பட்டது. இன்று அக்கப்பலைக் காண விழைவோன் மாதிரியுருவிலேதான் காணவேண்டும். "உள்ளதற்கே மாதிரி" என்ற எம் தீர்ப்பு அன்றே பொருளிழந்திருந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்து வரும் கண்காட்சிகளில், இல்பொருள் மாதிரியுருவுக்கென ஒரு தனிப் பிரிவு வையுங்கள். விமானமாயினும் சரி, தோணியாயினும் சரி, ஒருநாளும் கட்டப்படாத பாலமாயினும் சரி. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே விசித்திர வடிவப் பட்டங்களைப் பறக்கவிடும் நம் மக்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மாணவனிடம் மூன்று வினாக்களை மட்டும் கேளுங்கள். நீ மாற்றியது எது? அதனால் வேறு எவையெவை மாறின? உண்மையிலே அது ஏன் நிகழவில்லை? மூன்றாவது வினாவிற்கு விடை சொல்பவன் விஞ்ஞானத்தோடு வரலாற்றையும் கற்றவனாவான்.

அன்று நாங்கள் முதல் வினாவைக்கூடக் கேட்கவில்லை. சுருவில் மாணவன் தன் விமானத்தைக் கடதாசிப் பெட்டியில் வைத்து, தங்கூசி நூல்களை ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, பேருந்துக்கு நடந்தான். மதிப்பெண் தாளிலே இட்ட கோட்டை இனி அழிக்க வழியில்லை. வேறொரு பிள்ளையின் பெயருக்கு நேரே அத்தகைய கோடு விழாதிருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.