வார இறுதிக்கும் பாஸ்போர்ட் வேண்டும்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போனவர்கள் தங்கள் சனி, ஞாயிறுகளைப் பற்றி எழுதியதெல்லாம் சேர்ந்து ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டது. தென்கொரியத் தலைநகர் சியோலையே எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஹாக்வான். நம் ஊர் டியூஷன் சென்டருக்குப் பணக்கார அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு ஹொங்தே என்னும் கேளிக்கைப் பகுதி. நள்ளிரவையொட்டி மெட்ரோ நின்றுவிடும், மறுபடி விடிகாலை ஐந்தரைக்குத்தான். அதுவரை ஆட்டமும் பாட்டமும். சனிக்கிழமை புக்கான்சானில் மலையேற்றம். அலுத்துப்போனால் அதிவேக ரயில் பிடித்துப் புசான் கடற்கரை, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். தங்கும் வீட்டைப் பெரும்பாலும் வேலை கொடுத்தவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

நடுராத்திரியில் ஒரு பெண் தனியாக நடந்து வீடு திரும்பியதாக எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஞாயிறு என்றால் கறிக்கடை வரிசை, ஊறப்போட்ட துணி, திங்கட்கிழமைக்கான மாவு என்று கழிகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தப் பெண் மலையேறட்டும், ஆடட்டும். எனக்கு அவளோடு வழக்கில்லை. அந்த வார இறுதியை உழைத்தவர்களுக்குக் கிடைத்த ஓய்வு என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சோடுதான் வழக்கு. அது கையிலிருக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொடுக்கப்பட்ட ஓய்வு.

ஆங்கிலம் கற்பிக்கக் கொரியா தருவது ஈ-2 விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களே அதற்குரிய ‘தாய்மொழியாளர்கள்’. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் பட்டியலில் உண்டு. ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கும் பிலிப்பைன்ஸ் இல்லை. நாமும் இல்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம் நமக்கு ஒரு சிறிய கதவைத் திறந்தது: முறையான ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணையாசிரியர்களாகச் சேரலாம். ஏழு நாட்டுக்காரர் ஹாக்வானில் சேர எந்தப் பாடத்திலாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கடலியல் படித்தவர் கற்பிக்கலாம். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்த திருநெல்வேலிப் பெண்ணுக்கு ஹாக்வான் கதவு திறக்காது. அவளுடைய உச்சரிப்பை யாரும் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம் இது.

இனி, அந்த வெள்ளி இரவுகளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு வருவோம். 2005 ஜனவரியில், ஆங்கில ஆசிரியர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் கொரியப் பெண்களை எப்படி மடக்குவது என்று சில ஆண்கள் எழுதியிருந்தது வெளியே தெரிந்தது. கூடவே ஹொங்தேயில் நடந்த ஒரு விருந்தின் படங்களும் பரவின. படங்களில் வெளிநாட்டு ஆசிரியர்களோடு கொரியப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொரிய இணையம் கொதித்தது. யார்மீது? எழுதிய ஆண்கள்மீதும்தான். ஆனால் படத்தில் முகம் தெரிந்தது பெண்களுக்கு. அவர்களை ‘யாங்கொங்ஜு’ என்று ஏசினார்கள். ‘மேற்கத்திய இளவரசி’ என்று பொருள். அமெரிக்கப் படைமுகாம்களைச் சுற்றிப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைக் குத்திக்காட்ட உண்டான வசைச்சொல் அது. ஒரு பக்கத்து ஆண்களுக்கு அவர்கள் வேட்டை, மறுபக்கத்து ஆண்களுக்கு அவர்கள் ‘எங்கள் வீட்டுப் பெண்கள்’. ஒரு சனிக்கிழமை இரவு ஆடியவர்கள் என்று மட்டும் அவர்களைப் பார்க்க இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

அந்தக் கொதிப்பு அடங்கிவிடவில்லை. 2007 முடிவில் ஈ-2 விசாவுக்குக் குற்றப்பின்னணிச் சான்றோடு போதைமருந்துச் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் சேர்ந்துகொண்டன. குற்றப்பின்னணி பார்ப்பது நியாயம், குழந்தைகள் விஷயம். எச்.ஐ.வி. எதற்கு? வகுப்பறையில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தால் தொற்றிக்கொள்ளுமா? உள்ளூர்க் கொரிய ஆசிரியர்களிடம் இந்தச் சோதனையை யாரும் கேட்கவில்லை. 2009இல் உல்சானில் வேலை பார்த்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர், ஏற்கெனவே ஒருமுறை சோதித்தாயிற்று, மறுபடி முடியாது என்று மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் போனார். 2015இல் குழு அவர் பக்கம் நின்றது. விதி 2017இல்தான் நீங்கியது. ஆண்கள் வார இறுதியில் எழுதிய பெருமைப் பேச்சுக்கு ஒரு பெண் தன் ரத்தத்தைச் சாட்சியாக நீட்ட வேண்டியிருந்ததை மாணவிகள் கவனிக்க வேண்டும்.

சியோலின் வேறு வார இறுதிகளும் இருக்கின்றன. 2018 மே 19, ஒரு சனிக்கிழமை. ஹியேவா ரயில் நிலையத்தருகே ஆயிரக்கணக்கான கொரியப் பெண்கள் கூடினார்கள். கழிப்பறையிலும் படிக்கட்டிலும் ஒளித்துவைத்த கேமராவால் பெண்களைப் படமெடுப்பதற்கு எதிரான போராட்டம். ஓர் ஆணின் படம் திருட்டுத்தனமாக வெளியானபோது சில நாட்களிலேயே பெண்ணைக் கைது செய்த போலீஸ், பெண்கள் கொடுத்த புகார்களை ஏன் தூங்கவிட்டது என்று கேட்டார்கள். அந்த ஆணின் படம் எடுக்கப்பட்ட ஹொங்கிக் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள பகுதிக்குத்தான் ஹொங்தே என்று பெயர்.

அதே ஹியேவாவில் ஞாயிறுதோறும் வேறொரு கூட்டம். தேவாலயத்தில் தகாலோக் மொழித் திருப்பலி, வெளியே தெருவோரம் பிலிப்பைன்ஸ் சந்தை. தொழிற்சாலைகளில் வாரம் முழுக்க நின்றவர்கள் ஊர்ச் சாப்பாடும் ஊர்ப்பேச்சும் தேடி வருகிறார்கள்.

2024 ஆகஸ்டில் இந்த நகரத்துக்கு நூறு பிலிப்பைன்ஸ் பெண்கள் வந்திறங்கினார்கள். சியோல் நகர நிர்வாகமும் கொரிய அரசும் சேர்ந்து நடத்திய சோதனைத் திட்டம். குழந்தை பராமரிப்புப் பயிற்சியும் சான்றும் பெற்றவர்கள். விண்ணப்பித்த குடும்பங்களில் கணிசமானவை வசதி மிகுந்த கங்னம் பகுதியைச் சேர்ந்தவை. இவர்களைத் தேடியதற்கு ஒரு காரணம் ஆங்கிலம்: பிள்ளை தூங்கும்போதும் சாப்பிடும்போதும் காதில் ஆங்கிலம் விழட்டும் என்ற ஆசை. ஹாக்வானில் சொன்னால் பாடமாகி மேசை நாற்காலியோடு சம்பளம் வாங்கும் அதே சொல்லை இவள் டயப்பர் மாற்றிக்கொண்டே சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் கற்பித்தல் அல்ல. இவளுக்குக் குறைந்தபட்ச ஊதியம்கூட அதிகம் என்று நகர மேயரே வெளிப்படையாக வாதிட்டுக்கொண்டிருந்தார். தாயன்பைப் போலவே ஆங்கிலமும் பெண்ணிடமிருந்து இலவச இணைப்பாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போலும்.

இந்தப் பெண்களின் விடுதியில், இரவு பத்து மணிக்குள் திரும்பிவிட்டார்களா என்று சரிபார்த்தார்கள். குழந்தை பராமரிக்கச் சான்று பெற்ற, வயது வந்த பெண்கள்! நம் கல்லூரி விடுதி வார்டன்களுக்குப் பழக்கமான நேரம்தான் அது. ஹொங்தேயில் பத்து மணிக்குக் கூட்டமே களைகட்டியிருக்காது. கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. பயிற்சிக் காலத்துக்குத் தர வேண்டிய பணமும் தாமதமாகவே வந்தது.

அந்த செப்டம்பரில் சூசாக் அறுவடைத் திருநாள் விடுமுறை வந்தது. நூறு பேரில் இரண்டு பேர் விடுதியை விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. அக்டோபரில் புசானில் அவர்களைக் கண்டுபிடித்து நாடு கடத்தினார்கள்.