யாருடைய முகம்?

சுரண்டைக் கடைவீதியிலே புதிதாக ஒரு மனிதர் வந்து பெஞ்சியில் உட்கார்ந்து டீ கேட்டால், டீ வருவதற்கு முன்னாலேயே இரண்டு விஷயங்கள் தீர்மானமாகிவிடும். ஒன்று, அவர் எந்த ஊர்க்காரர் என்பது. மற்றொன்று, அவர் யாரைப் போல இருக்கிறார் என்பது. "அண்ணாச்சி, ஒங்கள எங்கேயோ பாத்தாப்புல இருக்கே!" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்திலிருப்பவர் ஒரு நடிகரின் பெயரைச் சொல்வார். மூன்றாமவர், "மூக்கைப் பாருமய்யா, அந்த மூக்கா இது?" என்று ஆட்சேபம் தெரிவிப்பார். கண்ணும் காதும் தாடையும் தனித்தனியே விசாரணைக்கு வரும். மூக்குக்கு உடைமைக்காரரின் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த ஆராய்ச்சியில் ஈடுபட இந்தச் சீமைக்காரர்களுக்கு விசேஷ பாத்தியதை உண்டு. பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரம், 1992-ம் வருஷம் வெளியான 'ரோஜா' படத்துக் கதாநாயகியின் சொந்த ஊர் அல்லவா? பிறகு 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் பாட்டு ஒன்றுக்காக அங்கே பாறைகளுக்கெல்லாம் வர்ணம் பூசினார்கள். நட்சத்திரங்களை நேரில் கண்ட கண்களுக்கு, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் நாலில் ஒருவராவது நட்சத்திரமாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால், குற்றாலத்து அருவிக்கு அடியிலே போய் நின்று பாருங்கள். தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக நிற்கும் இருநூறு பேரில் எவரும் எவரைப் போலவும் இல்லை. அல்லது எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். சாயல் என்பது பாதி பிரம்மாவின் வேலை, பாதி சலூன்காரரின் வேலை என்பது நம் சித்தாந்தம். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-ல் வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்தக் காலத்திலே, பின்கழுத்து வரையில் மயிரை வளரவிட்டு எண்ணெயிட்டு வாரிய வாலிபர்கள் அத்தனை பேரும் பாகவதர்களே. சாரீரம் எப்படியிருந்தாலும் கிராப்பு இருந்தால் போதும்! பிறகு வந்த தலைமுறைக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதுமானவையாக இருந்தன. அதற்கும் பின்னால் வந்தவர்கள் நெற்றியிலே ஒரு கற்றை மயிர் புரளும்படி விட்டுக்கொண்டார்கள்.

கதாநாயகர்களின் சாயலை இப்படித் தேடிப் போகவேண்டும். ஹாஸ்ய நடிகர்களின் சாயலோ கேளாமலே வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஒல்லியாக ஒரு பையன் தெருவில் நடந்தால் அவன் 'நாகேஷ்'. இன்னும் கொஞ்சம் ஒல்லியானால் 'ஓமக்குச்சி'. தொந்தி விழுந்தவர் 'உசிலைமணி'. திருநெல்வேலிச் சீமையில் பட்டப் பெயர் இல்லாத மனிதர் அபூர்வம். நம்மையும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஓமக்குச்சி வம்சத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். காற்றடி காலத்திலே நாம் வெளியில் புறப்பட்டால், சட்டைப்பையில் கல்லைப் போட்டுக்கொண்டு போகும்படி சிநேகிதர்கள் யோசனை சொல்வதுண்டு. அந்தப் பரிகாசத்தை அவர்களுக்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது என்று வெகு நாளைக்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டோம்.

இந்தத் தந்திரத்தில் நாகேஷ் மகா நிபுணர். அம்மை வார்த்துத் தழும்பேறிய முகம். ஒட்டி உலர்ந்த தேகம். கண்ணாடியில் பார்த்து வருந்துவதற்குத் தகுந்த காரணம் வேறொருவருக்கு வேண்டியதில்லை. அவரோ அந்த முகத்தையே முதலாக வைத்து வியாபாரம் நடத்தினார். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்திலே, ஹோட்டலில் பரிமாறும் ஒரு சாமானியன் சினிமா நட்சத்திரமாகிறான்; ஆனால் அவன் மனத்தில் வைத்த பெண்ணின் மனத்திலே அவனுக்கு இடமில்லை. ஊரெல்லாம் சிரிக்க வைத்த அந்த முகத்தைப் பார்த்து ஊரெல்லாம் அழுதது. அதன் பிறகு ஒல்லிப் பையனை 'நாகேஷ்' என்று கூப்பிட்டவர்களுக்கு, தாங்கள் எவ்வளவு பெரிய மனிதரின் பட்டத்தை இலவசமாகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

காந்தி மகானுக்கும் இந்த ரகசியம் தெரிந்திருந்தது. அவருடைய அகன்ற காதுகளையும் பொக்கை வாயையும் பார்த்து ஸ்ரீமதி சரோஜினி நாயுடு அவருக்கு 'மிக்கி மவுஸ்' என்று நாமகரணம் செய்தார். மகாத்மாவைச் சுண்டெலி என்பதாவது? அவரோ ரசித்துச் சிரித்தார். 1931-ல் லண்டன் அரண்மனைக்கு அரைத்துணியுடன் போய்வந்தவரிடம், அந்த உடை போதுமா என்று கேட்டார்களாம்; இரண்டு பேருக்கும் போதுமான உடையை மன்னர் அணிந்திருந்தார் என்று அவர் பதில் சொன்னதாகப் பிரசித்தம். ஒரு சாம்ராஜ்யமே அவருடைய முழங்காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, முதலில் சிரித்தவர் அவராக இருந்தார்.

ஆனால் எல்லாரும் காந்தி அல்ல. எல்லாருக்கும் வயது அறுபதும் அல்ல. கல்யாண வீட்டுப் பந்தியிலே, பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பார்த்துப் பெரியப்பா ஒருவர் ஏதோ ஒரு ஹாஸ்ய நடிகையின் பெயரைச் சொல்கிறார். பந்தி முழுவதும் சிரிக்கிறது. குழந்தையும் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால், "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னா மூஞ்சியைத் தூக்கிக்கிடுதா பாரு" என்று அதற்கும் ஒரு குற்றப்பத்திரிகை தயாராகும். அந்தப் பெண் அப்புறம் எத்தனை நாள் கண்ணாடி முன் நின்று தன் முகத்திலே வேறொருத்தியின் முகத்தைத் தேடினாள் என்பதைப் பெரியப்பா அறியமாட்டார். கறுப்பு நிறத்தைப் பற்றிய பரிகாசங்கள் இதே ஜாதியைச் சேர்ந்தவை. வெயிலிலே நின்று பயிர் செய்து பிழைக்கிற ஜனங்கள் கறுப்பைக் கண்டு சிரிப்பதுதான் நமக்கு விளங்கவே இல்லை.

பெரியவர்களையும் இந்தச் சங்கடம் விடுவதில்லை. 1960-களின் தொடக்கத்திலே, வங்காளத்தின் வடக்கே கூச்பிஹார் ஜில்லாவிலுள்ள சவுல்மாரி ஆசிரமத்துச் சாமியார் ஒருவரை, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்தான் என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கினார்கள். சொன்னவர்களில் உத்தம்சந்த் மல்ஹோத்ரா என்பவரும் ஒருவர். 1941-ல் நேதாஜி பட்டாணியர் வேஷத்தில் தப்பிக் காபூலுக்கு வந்தபோது அவருக்குத் தம் வீட்டிலே இடம் கொடுத்தவர் அவர். வேஷத்துக்குள்ளே இருந்த மனிதரை நன்றாக அறிந்தவருடைய கண்ணே இப்படிச் சொன்னால், மற்றவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? தாம் நேதாஜி அல்லவென்று சாமியார் மறுத்தார். மறுக்க மறுக்க, "பார்த்தீர்களா, எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறார்!" என்று நம்பிக்கை வலுத்தது. 1985-ல் பைசாபாத்தில் காலமான 'கும்நாமி பாபா'வையும் அப்படியே சொன்னார்கள். அவர் நேதாஜி அல்லர் என்று முடிவு சொல்ல 2016-ல் ஒரு விசாரணைக் கமிஷனே ஏற்பட வேண்டியிருந்தது. நேதாஜி மறையவில்லை என்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மேடைதோறும் முழங்கியதைத் தென்பாண்டி நாடு மறக்காது. பறிகொடுத்த பொருளைக் கண்ட இடத்திலெல்லாம் தேடுவது மனித சுபாவம். அந்தத் தவிப்பை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆயினும், தம் முகத்தோடு தாமாக இருக்க விரும்பிய ஒரு சந்நியாசிக்கு அந்தப் பாக்கியத்தை நாடு கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

வலியப் போய்ப் பிறருடைய முகத்தை மாட்டிக்கொண்ட ஒருவர் கதையும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆங்கிலேயப் படையின் சம்பளப் பட்டுவாடா இலாகாவிலே கிளிஃப்டன் ஜேம்ஸ் என்ற லெப்டினென்ட் இருந்தார். பூர்வாசிரமத்தில் நாடக நடிகர். தளபதி மான்ட்கோமரியை உரித்து வைத்தாற்போல் இருந்தார். 1944 மே மாதம், நார்மண்டிப் படையெடுப்புக்குச் சில நாள் முன்பு, ஜெர்மானியரை ஏமாற்றுவதற்காக அவரைத் தளபதி வேஷத்தில் ஜிப்ரால்டருக்கு அனுப்பினார்கள். முந்தைய யுத்தத்திலே இழந்த ஒரு விரலுக்குப் பதிலாகப் பொய்விரல் பொருத்தினார்கள். தளபதிக்குக் குடியும் சுருட்டும் ஆகாது. ஜேம்ஸுக்கோ இரண்டும் பிரியம். எனவே இரண்டும் நின்றன. சில நாள் ஊரெல்லாம் சலாம் வைத்தது. காரியம் முடிந்ததும் பழையபடி சம்பளக் கணக்கு எழுதப் போனார். 1958-ல் இந்தக் கதை சினிமாவாக வந்தபோது, ஜேம்ஸாகவும் மான்ட்கோமரியாகவும் அவரே நடித்தார்.

அதே 1958-ல்தான் நம் ஊரிலே 'நாடோடி மன்னன்' வெளியாயிற்று. மன்னரைப் போலவே இருக்கிற நாடோடி சிம்மாசனம் ஏறி, மன்னரைவிட நன்றாக ராஜ்யம் ஆளுகிறான். இரண்டு வேஷத்தையும் போட்ட எம்.ஜி.ஆர். 1977-ல் மெய்யாகவே முதல் மந்திரியானார். 1987 டிசம்பர் 24-ம் தேதி காலமானார். ஆனால் சுரண்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலே அம்மன் கோயில் கொடை நடக்கும் காலத்தில் அவர் வராத வருஷம் உண்டா?

கொடை என்றால் முன்பு வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகம். இவற்றோடு இப்போது 'ஆடலும் பாடலும்' சேர்ந்திருக்கிறது. போலீஸார் அனுமதி மறுத்து, மதுரையிலுள்ள ஹைக்கோர்ட் கிளைக்கு மனுப்போட்டு, நிபந்தனைகளோடு உத்தரவு வாங்கி வந்த பிறகே சில ஊர்களில் மேடை ஏறும். அந்த மேடையிலே ஒரு எம்.ஜி.ஆர்., ஒரு சிவாஜி, ஒரு ரஜினி. 'டூப்பு' என்பார்கள். தமிழிலே அந்த வார்த்தைக்குப் பொய் என்றும் அர்த்தம் உண்டு; இது அநியாயம். பொய் சொல்கிறவன் பிறரை ஏமாற்றப் பார்க்கிறான். இங்கே ஏமாறுகிறவர் யாருமே இல்லை. வந்திருப்பவர் கூலிக்கு ஆட வந்த மனிதர் என்பது முன்வரிசைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும், அவர் கையை உயர்த்தி வணங்கியதும் கிழவி ஒருத்தி எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் அவர் முகத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டிலே சொடுக்குகிறாள். "நல்லா இரு ராசா!" என்கிறாள். எந்த ராசாவைச் சொன்னாள் என்று நிச்சயிக்க ஒரு கமிஷன் வைத்தாலும் பயனில்லை.

வயது ஏற ஏற அந்த மனிதருக்கு அரிதாரம் அதிகம் வேண்டியிருக்கிறது. வாலிபர்கள் இப்போது விஜயைக் கேட்கிறார்கள், எம்.ஜி.ஆருக்கு இரண்டு பாட்டுப் போதும் என்கிறார்கள் கமிட்டிக்காரர்கள். விடியற்காலம் வேன் புறப்படும்போது கண்ணாடியைக் கழற்றி உறையிலே போடுவார். அரிதாரத்தை ஈரத்துண்டால் துடைப்பார். அடியிலே அறுபது வயதுக்காரர் ஒருவரின் சொந்த முகம் இருக்கும். அடுத்த ஊர்க் கொடைக்கு இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பஞ்சுத் தொப்பி நசுங்கிவிடாமல் மடியிலே வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.