காவல்காரன் செய்கிற வேலையா இது?

வைரஸ் வரக்கூடாது என்று கம்ப்யூட்டரில் ஒரு காவல் சாப்ட்வேரைப் போடுகிறார்கள். மறுநாள் குரோமைத் திறந்தால் புதிதாக ஒரு எக்ஸ்டென்ஷன்! தேடும் பக்கமும் மாறிக் கிடக்கிறது. இதை யாரய்யா கேட்டது?

யாரும் கேட்கவில்லை. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போனபோது, ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்த சின்னக் கட்டம் கண்ணில் படவில்லை. அதைத்தான் சம்மதம் என்கிறார்கள்! டிக் இல்லாமல் வைத்தால் என்ன? வேண்டும் என்கிறவர் அடித்துக்கொள்ள மாட்டாரா?

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. 2015 டிசம்பரில் கூகுள் ஆய்வாளர் டேவிஸ் ஆர்மண்டி, ஏ.வி.ஜி. கம்பெனி குரோமில் புகுத்திய "வெப் டியூன்அப்" எக்ஸ்டென்ஷனைக் குடைந்து பார்த்தார். சுமார் 90 லட்சம் பேரிடம் இருந்தது அது. யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதை வெளியார் உருவிவிடும் அளவுக்கு ஓட்டை! பிறகுதான் அடைத்தார்கள்.

அந்தக் கம்பெனியை 2016-ல் வாங்கிய அவாஸ்ட் கதை இன்னும் மோசம். ஜனங்கள் பார்த்த பக்கங்களின் விவரத்தைச் சேர்த்து விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024-ல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

எடுப்பது பெரிய வித்தையல்ல. குரோமின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி. அதில் "எக்ஸ்டென்ஷன்ஸ்". வேண்டாததற்கு "ரிமூவ்". தேடும் பக்கத்தை "செட்டிங்ஸ்" போய் மாற்ற வேண்டும்.

மறுபடி முளைக்கிறதா? வேர் அந்தக் காவல் சாப்ட்வேருக்குள் இருக்கிறது. அதையே கழற்றிவிடலாம். விண்டோஸ் 11-ல் கூடவே வருகிற டிபெண்டர், தானாகக் காவலுக்கு வந்துவிடும். காசும் கிடையாது.