தண்ணியும் இழுக்கும், தூசியும் இழுக்கும்... ஃபில்டரை மாத்தினீங்களா?

அம்பத்தூரில் மாமாவுக்குச் சின்னதாக ஒரு மரப் பட்டறை. சாயங்காலம் வேலை முடிந்ததும் துடைப்பத்தால் மரத்தூளைக் கூட்டுவார். கூட்டி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். "முப்பது வருஷமா இந்தத் தூசியிலதான் இருக்கேன் பாப்பா, பழகிப்போச்சு" என்பார்.

பழகிப்போகிற விஷயமா இது? துடைப்பம் பெரிய தூளைத்தான் தள்ளும். மாவு மாதிரியான தூசியைக் காற்றில் கிளப்பிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூசியை 1995-லேயே சேர்த்துவிட்டது.

அதனால் நானும் அம்மாவும் பணம் போட்டு, 20 லிட்டர் 'வெட் அண்ட் டிரை' வேக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். "தண்ணி, தூசி ரெண்டையும் இழுக்கும் மாமா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்தே நாளில் போன். "உன் மெஷின் தூசியைத் திரும்ப என் மூஞ்சியிலேயே துப்புது!"

போய்ப் பார்த்தால் விஷயம் புரிந்தது. ராத்திரி மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. பேப்பர் ஃபில்டரைக் கழற்றாமலே மாமா தண்ணீரை இழுத்திருக்கிறார். மறுநாள் அதே ஈர ஃபில்டரோடு மரத்தூள். பேப்பர் கிழிந்து, தூசியெல்லாம் பின்பக்கமாக வெளியே வந்திருக்கிறது. மாமா மேல் தப்பில்லை. நடுவில் ஃபில்டரை மாற்றணும் என்று நான்தான் சொல்லவில்லை.

இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* தூசிக்கு பேப்பர் ஃபில்டர், கூடவே தூசிப் பை. தண்ணீருக்கு இரண்டையும் எடுத்துவிட்டு ஃபோம் ஃபில்டர். நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி தூசிக்கு மாறுங்கள்.

* மரத்தூள், சிமென்ட் போன்ற நுண்தூசிக்கு ஹெபா ஃபில்டர் பொருந்தும் மாடல் நல்லது. டப்பாவைக் கொட்டும்போது மாஸ்க் கட்டாயம்.

* தண்ணீர் நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி அடைத்துக்கொள்ளும். மோட்டார் சத்தம் மாறும், இழுப்பது நிற்கும். ரிப்பேர் இல்லை. ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொட்டுங்கள். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ எடை, தனியாகத் தூக்காதீர்கள்.

* தின்னர், பெட்ரோல், தணல் அடங்காத சாம்பல் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கலாம்.

* வெள்ளம் புகுந்த வீட்டில் பிளக் பாயின்ட் நனைந்திருந்தால் எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை காத்திருங்கள். எர்த் உள்ள பாயின்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் அவசியம்.

* வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். அது மின்சாரக் கணக்கு. மாற்று ஃபில்டர் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது பட்டறைச் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றின் மேல் சாக்பீஸில் 'தண்ணி', இன்னொன்றின் மேல் 'தூள்' என்று மாமாவே எழுதி, ஃபில்டர்களை மாட்டி வைத்திருக்கிறார். துடைப்பம் வாசலோடு சரி.

இருமல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். "எதுக்கு பாப்பா?" என்கிறார். இந்த முறை விடுவதாக இல்லை.

சரி, உங்கள் வீட்டு மெஷினில் இப்போது எந்த ஃபில்டர் இருக்கிறது? ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்களேன்!