மண்ணின் நிறமும் மனிதர் நிறமும்

அழகை விரும்புதல் மாந்தர் இயல்பு. இஸ்லாம் அதனைப் பழிக்கவில்லை. தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசியவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நாளும் ஐவேளைத் தொழுகைக்காக ஒளுச் செய்து முகம் கழுவும் சமுதாயம் நம்முடையது. ஆகவே, முகத்தைப் பேணும் மாணவியரையோ மாணவரையோ இடித்துரைப்பது நம் நோக்கமன்று. தூய்மை வேட்கை எங்கே முடிகிறது, தாழ்வுணர்ச்சி எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் இல்லங்களில் பெரிதும் பேசப்படும் பூச்சுகளுள் ஒன்று முல்தானி மட்டி. இன்று பாகிஸ்தானிலுள்ள முல்தான் நகரின் பெயரைத் தாங்கியது இம்மண். நம் நாட்டில் இராஜஸ்தானத்தின் பார்மர், பிகானேர் பகுதிகளிலும் வெட்டி எடுக்கப்படுகிறது. பூசினால் நிறம் கூடும் என்று பலரும் சொல்லக் கேட்டு, நாமும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, பன்னீரில் குழைத்து, வாரம் இருமுறையாக ஒரு திங்கள் பூசிப் பார்த்தோம். மண் காயக் காயத் தோல் இறுகியது. கழுவியபின் எண்ணெய்ப் பசை நீங்கி முகம் தெளிந்தது; தொட்டால் மென்மையாகவும் இருந்தது. திங்கள் முடிவில் கண்ணாடியில் நோக்கினோம். நிறம் பழைய நிறமே.

இதில் வியப்பில்லை. முல்தானி மட்டி எண்ணெயை ஈர்க்கும் ஒருவகைக் களிமண். மேலை நாடுகளில் கம்பளி நெய்வோர் ஆட்டு மயிரின் பிசுக்கை அகற்ற இவ்வகை மண்ணையே முற்காலத்தில் கையாண்டனர். முகத்திலும் அது செய்வது அப்பணியே. மேற்பரப்பின் எண்ணெயையும் அழுக்கையும் ஈர்க்கிறது. தேய்த்துக் கழுவுங்கால், உதிரவிருக்கும் இறந்த செல்களும் உடன் நீங்குகின்றன. நிறத்தைத் தருவதோ மெலனின் என்னும் நிறமி. அது மேல்தோலின் அடியடுக்கில் உருவாகிறது. அதனை ஆக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆக்கப்படும் நிறமியின் அளவும் வகையுமே வேறு. கதிரவனின் புறஊதாக் கதிர்களினின்று உடலைக் காக்கும் குடை அது. மேலே பூசிய மண் அதனை எட்டுவதில்லை. அளவு மீறித் தேய்த்தாலோ, புண்பட்ட தோல் மேலும் கறுத்த வடுக்களையே தரும்.

மண்ணால் ஆகாதது கண்டு மனம் அமைந்தால் நன்று. அமையாதவர் களிம்புகளை நாடுகின்றனர். தோலை விரைந்து வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது மெலனின் உருவாவதைத் தடுக்கும். தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுற்ற 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். நம் அண்டை மாநிலத்தில், நம்மைப் போன்ற குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில் நிகழ்ந்தது இது.

இத்துணை இடரையும் ஏற்கத் தூண்டுவது எது? பெண் பார்க்கச் செல்வோர் கேட்கும் முதற்கேள்வி அன்றோ? "பெண் சிவப்பா, மாநிறமா?" என்று கேட்டு, நிறம் குறைந்தால் கைக்கூலியைக் கூட்டும் வழக்கம் நம்மிடையே இல்லையென நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? மஹர் கொடுத்து மணம் முடிக்கக் கட்டளையிடப்பட்ட சமுதாயம், கைக்கூலி வாங்குவதே முறைகேடு. அதற்குப் பெண்ணின் தோலை அளவுகோலாக்குவது கேட்டினும் கேடு.

இவ்வழக்கம் தமிழ் மரபுக்கும் ஒவ்வாதது. சங்கச் சான்றோர் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தையே பெண்ணழகாகப் போற்றினர். அம்மேனி வெளிறிப் பசலை பாய்வதை அழகின் அழிவாகவே கண்டனர். பசலையின் துயருக்கென்றே பசப்புறு பருவரல் என்றோர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அன்று தலைவி எதனை இழந்து வருந்தினாளோ, அதனையே இழக்க இன்று நம் பெண்கள் காசு கொடுக்கின்றனர்.

மார்க்கம் கூறுவதென்ன? மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருத்தலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் எண்ணுகிறது. 632ஆம் ஆண்டில் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜுப் பேருரையில், வெள்ளையர்க்குக் கறுப்பரைவிடவோ கறுப்பர்க்கு வெள்ளையரைவிடவோ மேன்மையில்லை, இறையச்சமே மேன்மை என்று பெருமானார் (ஸல்) அறிவித்தார்கள். அதற்கு ஈராண்டுகட்கு முன், மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லும் பேறு பெற்றவர் கறுத்த மேனியரான பிலால் (ரலி) அவர்கள். உலகின் பல்வேறு நிலங்களினின்றும் எடுக்கப்பட்ட மண்ணால் ஆதம் (அலை) படைக்கப்பட்டதாலேயே அவர்தம் மக்கள் சிவந்தும் வெளுத்தும் கறுத்தும் விளங்குகின்றனர் என்பதும் நபிமொழி. மண் தந்த நிறத்தை மண்ணைக் கொண்டே மறைக்க முயல்வது பேதைமையன்றி வேறென்ன?

1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற களிம்பொன்று, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. வணிகமே பெயரை மாற்றியபின், நாம் பேச்சையேனும் மாற்ற வேண்டாமா?

மாணவச் செல்வங்களே! முகத்தில் எண்ணெய் வடிந்தால் மண் பூசிக் கழுவுங்கள், நிறத்துக்காகப் பூசாதீர்கள். தாய்மார்களே! கறுத்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நிறம் பற்றிப் பெருமூச்சு விடாதீர்கள். ஜமாஅத்துப் பெரியோர்களே! பெண் பேசும் அவையில் நிறம் பற்றிய கேள்வி எழும்போது அதனைத் தடுத்து நிறுத்துங்கள். அந்தக் கேள்வி ஒழிந்தால் நம் பெண்மக்களின் முகம் தானே ஒளிரும்.