திரும்ப அழைக்க முடியாத திருத்தம்

பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று குருசடை. அங்குள்ள பவளப்பாறைகளின் மேல் ‘கப்பாபைகஸ்’ என்னும் அயல் கடற்பாசி படர்ந்து மூடுவதை 2008-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழ் வெளியிட்டது. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய இந்தப் பாசியை 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம். 1990-களில் மண்டபத்தில் சோதனை, 2000-க்குப் பிறகு பெப்சிகோவின் துணையோடு வணிகச் சாகுபடி, பிறகு மகளிர் குழுக்களுக்கு மூங்கில் மிதவைகள் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயம் இருந்தது. பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே இதை வளர்க்கலாம் என்று தமிழக அரசு வரையறுத்தது 2005 இறுதியில்தான். ஒடிந்த துண்டே தனிப் பாசியாக வளரும் உயிரினத்துக்கு அரசாணையின் எல்லை தெரியாது. பவளங்களின் மேலிருந்து அதைக் கையால் அகற்றும் வேலை வனத்துறையின் தலையில் விழுந்தது.

மனித மரபணுத் திருத்தம் பற்றி உலகம் நடத்திவரும் விவாதத்துக்கு இந்தக் கரையின் அனுபவம் பொருந்தும். தானாகப் பெருகும் ஒன்றை வெளியே விட்டபின் வரும் சட்டம் ஆளைத் தண்டிக்கலாம், நடந்ததை மாற்றாது. சீன விஞ்ஞானி ஹே ஜியான்குயி, எச்ஐவி தொற்று அணுகாதபடி கருவிலேயே சிசிஆர்5 மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக 2018 நவம்பரில் அறிவித்தார். தந்தைக்குத் தொற்று இருந்தாலும், விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கமான முறையே குழந்தையைக் காக்கப் போதுமானது. இயற்கையில் காணப்படும் பாதுகாப்பு மாற்றமும் அந்தக் குழந்தைகளிடம் அப்படியே உருவாகவில்லை. 2019 டிசம்பரில் ஷென்சென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. இத்தகைய கருவைக் கருப்பையில் பதிப்பதையே குற்றமாக்கும் திருத்தம் சீனச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தது 2021-இல். மூன்றாவதாக ஒரு குழந்தையும் அதற்குள் பிறந்துவிட்டது.

உலக அளவில் இருக்கும் வேலிகள் எல்லாமே இடைவெளி விட்டவை. பரம்பரைக்குச் செல்லும் மாற்றத்தை விலக்கும் ஒவியெதோ உடன்படிக்கை 1997-இல் ஐரோப்பிய கவுன்சிலில் உருவானது. பிரிட்டனும் ஜெர்மனியும்கூட அதில் கையெழுத்திடவில்லை. அமெரிக்காவில் தடை என்பது 2015 முதல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் சேர்க்கப்படும் ஒரு நிபந்தனை. ஓராண்டு அது விடுபட்டால் தடையும் போகும். உலக சுகாதார அமைப்பு 2021 ஜூலையில் வெளியிட்ட பரிந்துரைகள், ஆய்வுகளின் பதிவேட்டையும் முறைகேடுகளைத் தெரிவிக்கும் வழியையும் வலியுறுத்தின. யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

இந்தியாவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பரம்பரைக்குச் செல்லும் மரபணு மாற்றம் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017, 2019 வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. நெறிமுறையை மீறுவது வேறு, சட்டத்தை மீறுவது வேறு. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தரிப்பு மையங்களுக்குப் பதிவையும் தண்டனைகளையும் விதிக்கிறது. ஆனால் மரபணுத் திருத்தத்தைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கவில்லை. திருத்திய கரு எங்கே உருவானாலும், குழந்தையாவதற்கு ஒரு கருத்தரிப்பு மையத்தின் வாசலைக் கடந்தாக வேண்டும். காவல் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

பரம்பரை நோயோடு போராடும் குடும்பங்களின் நம்பிக்கையை இத்தகைய தடை பறித்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. சொந்தத்தில் திருமணம் அதிகம் நடக்கும் மாநிலம் நம்முடையது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 28 சதவீதம். பெற்றோர் இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமக்கும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. ஆனால் நோயாளியின் உடல் செல்களில் செய்யப்படும் சிகிச்சை அவரோடு முடிந்துவிடும். அதற்கு இந்தத் தடை பொருந்தாது. அரிவாள் செல் நோய்க்கான ‘காஸ்கெவி’ என்ற மரபணுத் திருத்த சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் தந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்த முடிவுகளை 2024-இல் வெளியிட்டது; அது திருத்தமல்ல, புது மரபணுவைச் சேர்க்கும் முறை. அமெரிக்காவில் காஸ்கெவியின் விலை 22 லட்சம் டாலர். அந்த விலையை ஏழைக்கு எட்டவைப்பதே அவசரமான அறவேலை. நோயற்ற கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கவும் 2021 சட்டம் இடம் தருகிறது. தாய், தந்தை இருவருக்கும் அதே நோய் முழுமையாக இருப்பது போன்ற அரிய நிலைகளில் மட்டுமே தேர்வு பயன்படாது. அந்தச் சிலருக்காக, சம்மதம் சொல்ல இயலாத சந்ததிகள் அனைத்தையும் சோதனைக்கு உட்படுத்துவதை இன்றைய அறிவியல் நியாயப்படுத்தவில்லை. 2023 மார்ச்சில் லண்டனில் கூடிய மூன்றாவது சர்வதேச மாநாட்டின் முடிவும் இதுவே.

ஒரு நாடு தடுத்தால் இன்னொரு நாடு செய்யும் என்பது அடுத்த வாதம். அப்படிப் பார்த்தால் எந்தச் சட்டமும் வேண்டாம். பணம் படைத்தவர் தளர்ந்த சட்டமுள்ள நாட்டைத் தேடிப் போவார் என்பது உண்மைதான். அதனாலேயே, மருத்துவச் சுற்றுலாவில் பெயர் வாங்கிய இந்தியா அந்தத் தளர்ந்த நாடாகிவிடக் கூடாது. நம் சட்டத்தில் இல்லாத ஒரு தடையை உலக சுகாதார அமைப்பில் நாம் கேட்டால் யார் செவிசாய்ப்பார்?

கப்பாபைகஸை எதிர்த்தவர்களிடம் அன்று கேட்கப்பட்டது, பெண்களின் வருமானத்துக்கு என்ன பதில் என்பது. அந்தக் கேள்வி பொய்யல்ல; இன்றும் பாக் நீரிணைக் கரையில் பாசி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. பிழை, பயனை முதலில் அனுமதித்து எல்லையைப் பிறகு யோசித்த வரிசையில் இருந்தது. மரபணுத் திருத்தத்தில் அந்த வரிசையை மாற்ற நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. திருத்திய கருவைக் கருப்பையில் பதிப்பது குற்றம் என்று 2021 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். அறிவியல் முதிர்ந்தால் நாடாளுமன்றமே அதை மறுபரிசீலனை செய்யட்டும். ஒரு ஆய்வகமோ ஒரு நிறுவனமோ அந்த முடிவை எடுக்கக் கூடாது. தேசிய வாரியமும் பதிவேடும் அந்தச் சட்டத்திலேயே இருப்பதால், இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.